எந்தக் கையில் எடுத்த ரத்தம்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குச் சவுரியம்மாள் மூன்றாவது கண்ணாடிக் குழாயையும் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே இருந்த ரத்தம் சிவப்புத் தண்ணீராக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஓர் இழைகூடக் கட்டவில்லை. கையிலிருந்த ஸ்டாப் வாட்ச் ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

செங்கல்வராயனின் ரத்தம் இப்படி உறையாமல் நிற்பது இது மூன்றாவது தடவை.

ஆம்பூரில் தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து கட்டிய ஆஸ்பத்திரி அது. கட்டி முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தாலும் 1961லும் ஊருக்கு அது 'புது ஆஸ்பத்திரி'தான். அறுபது கட்டில். அதில் நான்கு மட்டும் தனி அறையில் இருந்தன. எப்போதும் ஒரு நர்ஸ் பக்கத்திலேயே இருக்கவேண்டிய நோயாளிகளை அங்கே போடுவார்கள். அந்த அறைக்கும் லேபுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதில் ஒரு கதவு. அறையில் ரத்தம் எடுத்த நர்ஸ் சிரிஞ்சோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் அரை நிமிஷத்தில் அது சவுரியம்மாளின் குழாய்களில் இறங்கிவிடும்.

சவுரியம்மாளுக்கு இருபத்தெட்டு வயது. ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். வேலூரில் ஒன்றரை வருஷம் லேப் படிப்பு படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மூத்திரம், சளி, மலம் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் பார்ப்பாள் என்றாலும், ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும்போது மட்டும் யாரும் குறுக்கே பேசுவது அவளுக்குப் பிடிக்காது. உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீரில் மூன்று குழாய்கள் நிற்கும். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒன்றை எடுத்துச் சாய்ப்பாள். ஓடிக்கொண்டிருந்த ரத்தம் ஒரு நொடியில் அசையாமல் நின்றுவிடும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் அந்த நொடியில் அவளுக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் வரும்.

இந்தக் குழாய்களில் அந்த நொடி வரவே மாட்டேன் என்றது.

செங்கல்வராயன் ஊருக்கு மேற்கே தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவன். நாற்பத்தைந்து வயது, கறுத்துப் பெருத்த உடம்பு. ஈரத் தோல் கட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டி ஓரத்தில் நடந்தபோது வழுக்கி விழுந்து வலது கால் முறிந்தது. மாவுக்கட்டு போட்டு ஐந்து வாரம் படுத்திருந்தான். கட்டுப் பிரித்த பிறகு கால் தொடை வரைக்கும் வீங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே இருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். காலில் உறைந்திருந்த ரத்தக் கட்டியில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலில் அடைத்துவிட்டது என்று டாக்டர் அதாவுல்லா கண்டுபிடித்தார். அன்றைக்கே ஹெப்பாரின் தொடங்கினார். ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கிற மருந்து அது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் போடவேண்டும். கம்மியாகப் போட்டால் இன்னொரு கட்டி உண்டாகும். ஜாஸ்தியாகப் போட்டால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். போதுமா ஜாஸ்தியா என்று சொல்லவேண்டியது சவுரியம்மாளின் மூன்று குழாய்கள்தான். மருந்து போடாதவர்களுக்குப் பத்து நிமிஷத்துக்குள் உறையும். அடுத்த ஊசி போடுவதற்கு முன்னால் பார்த்தால் இருபதிலிருந்து முப்பது நிமிஷம் இருக்கவேண்டும், அதுதான் டாக்டர் விரும்பிய கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கு முன்னால் எட்டு நிமிஷம். திங்கள் சாயங்காலம் ஐம்பது தாண்டியது. டாக்டர் மருந்தைப் பாதியாக்கினார். செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம். மறுபடியும் பாதி. இன்று காலை ஆறு மணி ஊசியை நிறுத்தியே விட்டார். இருந்தும் ஒன்பதரைக்கு எடுத்த ரத்தம் இதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் சீட்டில் 'ஒரு மணிக்கு மேல்' என்று எழுதிக்கொண்டிருந்தபோதே டாக்டர் அதாவுல்லா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெலிந்து உயர்ந்த மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அன்றைக்கு அவர் குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது.

"சவுரியம்மா, எவ்வளவு?"

"ஒரு மணி தாண்டிடுச்சு டாக்டர். இன்னும் ஒறையல."

"இப்ப இருமினான். சளியில ரத்தம்." அவர் நெற்றியைத் தேய்த்தார். "மருந்து ஜாஸ்தியாகித்தான் கசியுது. நிறுத்தியும் எறங்கல. ஹெப்பாரினை முறிக்கிற ஊசி ஒண்ணு கீது நம்மகிட்ட. அதைப் போட்டுடறேன்."

அவர் திரும்பினார். சவுரியம்மாள் ஓர் அடி முன்னால் வந்தாள். டாக்டரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் அவள்.

"டாக்டர், ஒரு நிமிஷம். வேற எங்கயாச்சும் ரத்தம் வருதா? பல் ஈறுல? மூத்திரத்துல?"

"இல்ல."

"கால் வீக்கம்?"

"நேத்தவிட ஜாஸ்தி."

"ரத்தம் இவ்ளோ தண்ணியா இருந்தா ஊசி குத்துன எடமெல்லாம் கசியணுமே டாக்டர். ஈறு கசியணும். அதெல்லாம் இல்லாம நெஞ்சுல மட்டும் எப்படி?"

அதாவுல்லா நின்றார். சளியில் ரத்தம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று அவருக்குத் தெரியாததில்லை. மருந்து போதாமல் இன்னொரு கட்டி நுரையீரலில் அடைத்தாலும் சளி சிவக்கும். அப்படியானால் முறிக்கிற ஊசி போடுவது அவனைக் கொல்வதற்குச் சமம். ஆனால் குழாய்கள் வேறு சொல்கின்றனவே.

"அப்ப உன் டெஸ்ட் தப்பா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். "குழாய் சரியா கழுவுறாங்களா? சோப்பு கீப்பு ஒட்டியிருந்தா?"

"நானேதான் கழுவறேன். இருந்தாலும் பாத்துடறேன். எனக்கு அரை மணி நேரம் கொடுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணேகால் வரைக்கும். ஊசிய எடுத்துவச்சிக்கினு அவன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

சவுரியம்மாள் அதே அடுக்கிலிருந்து மூன்று குழாய் எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தன் இடது கையில் ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டினாள். தன் கையில் தானே ரத்தம் எடுப்பது அவளுக்குப் புதிதில்லை. ரத்தத்தைக் குழாய்களில் விட்டு ஸ்டாப் வாட்சை அழுத்தினாள். ஒவ்வோர் அரை நிமிஷமும் சாய்த்தாள். ஏழாவது நிமிஷம் முதல் குழாய் நின்றது. எட்டரையில் மூன்றாவதும் நின்றது.

குழாயில் தப்பில்லை. தண்ணீரில் தப்பில்லை. கடிகாரத்திலும் தப்பில்லை. மிச்சமிருந்தது சிரிஞ்சில் வந்த ரத்தம் மட்டும்தான். அது எப்படி வந்தது என்று அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

தனி அறைக்குள் போனாள். செங்கல்வராயன் மூன்று தலையணையில் சாய்ந்து கிடந்தான். மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. டாக்டர் கட்டிலுக்கு வலது பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் செங்கல்வராயனின் மனைவி தனகோடி நின்றாள். பீடி சுற்றுகிற பெண். ஒல்லியான கை, கூர்மையான வாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு சிரிஞ்சையும் எண்ணிக்கொண்டிருந்தவள்.

"வந்துட்டீங்களா? ஏத்தறதவிட எறக்கறதுதான் ஜாஸ்தியா கீது இந்த ஆஸ்பத்திரியில. அவ்ளோ ரத்தத்த இன்னாதான் பண்றீங்க?"

"காட்டறேன்மா. இப்பவே காட்டறேன்," என்றாள் சவுரியம்மாள். செங்கல்வராயன் பக்கம் குனிந்தாள். "அண்ணே, கொஞ்சம் ரத்தம் வேணும்."

அவன் கண்ணில் ஒரு குழந்தையின் பயம் தெரிந்தது. வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். "குத்தாதீங்கம்மா. மொத நாளு எட்டு எடத்துல குத்துனாங்க. நரம்பு ஆப்புடல. அதுக்கு நான் செத்தே போறேன்."

அந்தக் கையின் முழங்கை மடிப்பில் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்ததை அவள் பார்த்தாள். முதல் நாள் ஒரு பயிற்சி டாக்டர் பட்ட பாடு. சரி, விரல் நுனியிலாவது ஒரு சொட்டு எடுக்கலாம் என்று அவன் நடுவிரலைப் பிடித்தாள். இருபது வருஷம் சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் ஊறிய விரல். தோல் செருப்பின் அடிபோல இருந்தது. ஊசி வளைந்ததே தவிர இறங்கவில்லை.

"அதுல எறங்காது," என்றான் செங்கல்வராயன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப காதக் காட்டுங்க."

"காதா?"

"மடல்ல. ஒரே ஒரு சொட்டு. எறும்பு கடிச்ச மாதிரி."

அவனுக்கு மூச்சுவாங்கும்போதே சிரிப்பு வந்தது. "எங்க மாமன் மடியில உக்கார வச்சு ஒரு தபா குத்துனாங்க. இது ரெண்டாந் தபா. மொட்ட அடிக்காம காது குத்தறீங்களே."

அவள் காது மடலைத் துடைத்துக் குத்தி, வந்த சொட்டை மயிரிழைபோன்ற கண்ணாடிக் குழலில் ஏற்றினாள். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்தக் குழலின் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்துப் பார்த்தாள். உறையாத ரத்தமானால் ஒடித்த இடம் சுத்தமாகப் பிரியும். உறைந்திருந்தால் இரண்டு துண்டுக்கும் நடுவே சிவப்பு நூல் ஒன்று தொங்கும். ஐந்தாவது நிமிஷம் நூல் தொங்கியது.

அவள் அதை டாக்டரின் கண்ணெதிரே நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார். முக்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"காதுல எடுக்கறது பக்கா கணக்கு இல்ல டாக்டர். சதை நீர் கலந்து சீக்கிரம் ஒறையும். ஆனா ஒரு மணி எங்க, அஞ்சு நிமிஷம் எங்க, அவ்ளோ வித்தியாசம் வராது."

அப்போதுதான் அவள் பார்வை அவன் இடது கைக்குப் போனது. அங்கே ஓர் ஊசி நிரந்தரமாக நரம்பில் நின்றது. மேலே பிளாஸ்திரி. ஊசியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் கிளிப். ஒவ்வொரு தரமும் புதிதாகக் குத்தாமல் அந்தக் குழாய் வழியாகத்தான் மருந்து போட்டார்கள். குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, அதற்குள் எப்போதும் ஹெப்பாரின் கலந்த உப்புநீர் நிரப்பியிருக்கும். அந்த உப்புநீர் இப்போது இளஞ்சிவப்பாக இருந்தது.

"அக்கா," என்று கூப்பிட்டாள் சவுரியம்மாள். மூலையில் ஊசிகளை வேகவைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் ரங்கம்மாள் திரும்பினாள். ஐம்பத்திரண்டு வயது, இந்த ஆஸ்பத்திரியின் மூத்த நர்ஸ். "இந்த அண்ணனுக்கு ரத்தம் எங்கேருந்து எடுக்கறீங்க?"

ரங்கம்மாள் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள். "அந்தக் குழாயிலேருந்துதான். ஏன்?"

"திங்கட்கெழமையிலேருந்தா?"

"ஆமா. கைய புடிச்சிகினு அழுதான் சவுரி. நாப்பத்தஞ்சு வயசு ஆம்பள. குத்தாதீங்க சிஸ்டர்னு. அதான், நரம்புல ஊசி நிக்குதே, அதுலேருந்தே இழுத்துக்கலாம்னு. மொதல்ல வர்ற கொஞ்சத்த கீழ விட்டுட்டுத்தான் எடுத்தேன்…" சொல்லச் சொல்ல அவள் குரல் மெலிந்தது. ரப்பர் குழாயைப் பார்த்தாள். சவுரியம்மாளைப் பார்த்தாள். "அய்யோ. அதுல மருந்துத் தண்ணி நிக்குதில்ல."

"நிக்குதுக்கா. ஒரு சொட்டு கலந்தாலும் போதும், என் குழாயில ஒறையாது."

அதாவுல்லா கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் அறையில் பெரிதாகக் கேட்டது. ஆனால் அவர் உடனே முடிவு சொல்லவில்லை. "எனக்கு ரெண்டையும் காட்டு," என்றார். "குழாயிலேருந்து மூணு, வலது கையிலேருந்து மூணு. ஒரே நேரத்துல."

வலது கை என்றதும் செங்கல்வராயன் போர்வையை இறுக்கினான். சவுரியம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, உங்க மேல எரக்கப்பட்டுத்தான் சிஸ்டர் அந்தக் குழாயில எடுத்தாங்க. அதனால எங்களுக்குக் கணக்குத் தப்பிப்போச்சு. மருந்த நிறுத்திட்டோம். உங்களுக்கு மூச்சு வாங்கறது அதனாலதான்னு நான் நெனைக்கறேன். நெனைக்கறது போதாது, டாக்டருக்குத் தெரியணும். ஒரு தபாதான் குத்துவேன். ஆப்புடலேன்னா நானே வேணாம்னு போய்டறேன்."

அவன் தனகோடியைப் பார்த்தான். அவள், "கைய நீட்டுய்யா. இந்தம்மா இன்னா பண்ணுதுன்னு நானும் பாக்கறேன்," என்றாள்.

ரங்கம்மாள் சொல்லாமலே வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். கையைச் சுற்றி ஐந்து நிமிஷம் வைத்தார்கள். சவுரியம்மாள் கன்றிய மடிப்பைத் தொடவில்லை. முன்கையின் வெளிப்பக்கம் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். அந்தக் கெட்டித் தோலுக்கு அடியில் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கி மேலே வந்தது. அங்கே குத்தினாள். சிரிஞ்சுக்குள் ரத்தம் எட்டிப் பார்த்தது.

முதல் சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்து அதை ஒதுக்கிவைத்தாள். ஊசியை அசைக்காமல் இரண்டாவது சிரிஞ்சை மாட்டி வேண்டியதை எடுத்தாள். அந்த நேரத்திலேயே ரங்கம்மாள் இடது கைக் குழாயிலிருந்து, மூன்று நாளாக எடுத்தபடியே, இன்னொரு சிரிஞ்சில் இழுத்தாள். சவுரியம்மாள் தண்ணீர்த் தொட்டியைக் கட்டில் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்திருந்தாள். ஆறு குழாய். ஸ்டாப் வாட்ச் ஓடியது.

தனகோடி குனிந்துகொண்டாள். டாக்டரும் குனிந்தார். அறையில் செங்கல்வராயனின் மூச்சு மட்டும் கேட்டது. மூன்று நிமிஷம். ஆறு குழாயிலும் ரத்தம் ஓடியது. ஐந்து நிமிஷம். ஓடியது. ஆறரை நிமிஷத்தில் சவுரியம்மாள் வலது கைக் குழாய் ஒன்றைச் சாய்த்தாள்.

"நின்னுடுச்சு!" என்றாள் தனகோடி. அவளுக்கு இன்னது என்று புரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்தது.

சவுரியம்மாள் அந்தக் குழாயை முழுதாகத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ரத்தம் விழவில்லை. எட்டு நிமிஷத்தில் மற்ற இரண்டும் நின்றன. இடது கைக் குழாய்கள் மூன்றிலும் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே மனிதனின் ரத்தம். ஒரே நேரம். ஒரே தண்ணீர்.

டாக்டர் அதாவுல்லா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை. "எட்டு நிமிஷம். உடம்புல மருந்தே இல்ல. நான் முறிக்கிற ஊசிய எடுத்துவச்சிக்கினு உக்காந்திருந்தேன்." பிறகு நிமிர்ந்தார். "சிஸ்டர், ஹெப்பாரின். முழு அளவு. இப்பவே."

ரங்கம்மாள் மருந்தைச் சிரிஞ்சில் இழுத்தாள். அவளேதான் ஏற்றினாள். ஏற்றி முடித்துவிட்டு, "டாக்டர், என் தப்பு. எழுதிக்கோங்க," என்றாள்.

"எத்தனை நிமிஷம்னு மட்டும்தான் நான் தினம் கேட்டேன் சிஸ்டர். எந்தக் கையில எடுத்தீங்கன்னு ஒரு தபாகூடக் கேக்கல," என்றார் அவர். "அதையும் சேத்து எழுதிக்கணும்."

அன்று பூராவும் சவுரியம்மாள் சாப்பிடப் போகவில்லை. அடுத்த ஊசிக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் சாயங்காலம் மறுபடி வலது கையில் ரத்தம் எடுத்தாள். பதினெட்டு நிமிஷம். மறுநாள் காலை இருபத்திரண்டு. டாக்டர் விரும்பிய எல்லைக்குள் வந்துவிட்டது. சளியில் வியாழக்கிழமையும் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது. வெள்ளிக்கிழமை பழுப்பாகி, சனிக்கிழமை நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் செங்கல்வராயன் மூன்று தலையணையில் இரண்டைக் கீழே தள்ளிவிட்டு, "பேஜாரா கீது, சுக்குக் காப்பி கெடைக்குமா?" என்று கேட்டான். தனகோடி சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பினபோது அவள் வாய் பழையபடி ஆகியிருந்தது. "சுக்குக் காப்பியாம். இது இன்னா மாமியார் வூடா?"

ரத்தத்தை என்ன செய்கிறீர்கள் என்று தனகோடி முதலில் கேட்டதற்குச் சவுரியம்மாள் நிஜமாகவே பதில் காட்டினாள். எடுத்த ரத்தம் எவ்வளவு என்று ஒரு தேக்கரண்டியில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். முதல் சிரிஞ்சு ஏன் வீண், இரண்டாவது ஏன் வேண்டும் என்று சொன்னாள். ஊசி தோலைத் துளைக்கும்போது சதையின் சாறு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், அது ரத்தத்தைச் சீக்கிரம் கட்டிவிடும் என்பதைத் தனகோடி ஒரு நொடியில் பிடித்துக்கொண்டாள். "பழைய மோர் ஒட்டுன சட்டியில பால் ஊத்துனா மாதிரி," என்றாள். அதற்குப் பிறகு பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு அவளே விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு நாள் சவுரியம்மாள் அவசரத்தில் ஒரே சிரிஞ்சோடு வந்தபோது, "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

ரங்கம்மாள் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. வேலையில் குறை வைக்கவில்லை, ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எட்டாவது நாள் சவுரியம்மாளே தன் சட்டியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"அக்கா, நீங்க மூணு நாள் அந்த ஆள அழ விடாம பாத்துக்கினீங்க. நான் மூணு நாள் தப்பான ரத்தத்தச் சாச்சுப் பாத்துக்கினு கெடந்தேன். கதவத் தொறந்து ஒரு தபா எட்டிப் பாத்திருந்தா திங்கக்கெழமையே தெரிஞ்சிருக்கும்."

ரங்கம்மாள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். பிறகு, "முன்கையில தடவிக் கண்டுபுடிச்சியே, அத எனக்குச் சொல்லிக் குடு," என்றாள். "முப்பது வருஷமா கண்ணால பாத்துத்தான் குத்தறேன். கண்ணும் மங்கிக்கினு வருது."

அன்றிலிருந்து சாப்பிட்டு முடிந்ததும் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து வார்டு ஆயாக்கள் சிரித்தார்கள். ரங்கம்மாள் சீக்கிரமே கெட்டிக்காரியாகிவிட்டாள். செங்கல்வராயனின் வலது கையில் அவள் முதல் தடவை ஒரே குத்தில் எடுத்தபோது சவுரியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாள் தூக்குச்சட்டி லேபுக்கு வந்தது.

டாக்டர் அதாவுல்லா லேபுக்கு வரும் சீட்டுகளைப் புதிதாக அச்சடிக்கச் சொன்னார். பெயர், கட்டில் எண் ஆகியவற்றுக்குக் கீழே மூன்று வரி கூடியிருந்தது: எந்தக் கையில் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, கடைசி ஊசி எப்போது. மூன்றும் நிரப்பாத சீட்டைத் திருப்பி அனுப்பச் சவுரியம்மாளுக்கு அதிகாரம் கொடுத்தார். முதல் மாதமே அவருடைய சொந்தச் சீட்டு ஒன்றை அவள் திருப்பி அனுப்பினாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் ஹெப்பாரினுக்குப் பிறகு செங்கல்வராயனை அதே வேலையைச் செய்யும் மாத்திரைக்கு மாற்றினார்கள். அதற்கு வேறு சோதனை. முயல் மூளையிலிருந்து செய்த பொடியைக் கரைத்து ரத்தத்தின் தெளிநீரில் விட்டு, உறைவதை விநாடிக் கணக்கில் பார்க்கவேண்டும். மாத்திரை சாப்பிடாதவனுக்குப் பதினான்கு விநாடி. அவனுக்கு முப்பதை ஒட்டி வைத்திருந்தார்கள். வீக்கம் வற்றி, கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாட்றம்பள்ளிப் பக்கம் தனகோடியின் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். மூன்று மாதம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. டேனரியில் தொட்டி வேலைக்குப் பதில், காய்ந்த தோல்களைத் தரம் பிரிக்கும் உட்கார்ந்த வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று மாதம் முடிந்து மாத்திரையை நிறுத்தினார் டாக்டர். நிறுத்தி ஒரு வாரம் கழித்து ரத்தம் தன் சொந்த வேகத்துக்கு வந்துவிட்டதா என்று கடைசியாக ஒரு தடவை பார்க்கவேண்டும். அந்தச் சனிக்கிழமை செங்கல்வராயன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கம்பு இல்லாமல் வந்தான். லேபில் முக்காலியில் உட்கார்ந்து தானே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். ரங்கம்மாள் வெந்நீர்த் துண்டைச் சுற்றினாள். தனகோடி வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"ஏலகிரிக்குப் போய்ட்டு வந்தேன் சிஸ்டர்," என்றான் அவன். "மச்சான் அங்க பலாப்பழம் ஏத்தறான். மேல வரைக்கும் நடக்கல, லாரியில போனேன். ஆனா தோப்புல ஒரு பர்லாங்கு நடந்தேன். மூச்சு வாங்கல. இவ பின்னாலேயே வந்து, நில்லு நில்லுன்னா. நான் நிக்கலியே. அங்க காத்து எப்படி கீதுன்னா, உள்ள போறது தெரியுது. இந்த நெஞ்சுல இவ்ளோ எடம் இருந்துச்சான்னு…" பேச்சை நிறுத்தி ரங்கம்மாளைப் பார்த்தான். "இன்னும் குத்தலியா?"

"எடுத்தே ஆச்சு," என்றாள் ரங்கம்மாள். பஞ்சை வைத்து அவன் கையை மடக்கிவிட்டாள்.

சவுரியம்மாள் தெளிநீரைப் பிரித்துச் சோதனையை இரண்டு தரம் பார்த்தாள். பதினான்கரை விநாடி. இன்னொரு தரம் பதினான்கு. சீட்டில் எழுதினாள். வலது கை, பத்து மணி, ஊசி இல்லை, மாத்திரை இல்லை. டாக்டர் அதைப் படித்துக் கீழே கையெழுத்துப் போட்டார். செங்கல்வராயனின் இரண்டு கால்களையும் நாடாவால் அளந்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"நல்லா கீது. இனிமே ரத்தம் கொடுக்க வர வேணாம்."

"அடுத்த சனிக்கெழம?"

"வேணாம்பா."

செங்கல்வராயன் கொஞ்ச நேரம் முக்காலியை விட்டு எழவில்லை. விடுதலையானவன் முகமாக இல்லை அது. தனகோடிதான், "ஏன்யா, இன்னும் எட்டு எடத்துல குத்தச் சொல்லணுமா? எழுந்திரு, பதினொரு மணி பஸ்சு போய்டும்," என்றாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். சவுரியம்மாளைப் பார்த்துக் கும்பிட வந்தவன், அவள் கையில் குழாய் இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டு, "வர்றேம்மா," என்று மட்டும் சொன்னான்.

"நல்லபடியா போய்ட்டு வாங்கண்ணே."

ஜன்னல் வழியாகச் சவுரியம்மாள் அவர்கள் போவதைப் பார்த்தாள். தனகோடி முன்னால் வேகமாக நடந்தாள். அவன் பின்னால், அவசரப்படாமல், இரண்டு காலையும் ஒரே அளவில் ஊன்றி நடந்தான். பஸ் வந்து நின்றது. படியில் அவனே முதலில் ஏறி, திரும்பி அவளுக்குக் கை கொடுத்தான்.

"இன்னா பொண்ணே, பசிக்கலியா?" என்றாள் ரங்கம்மாள், சட்டியைத் திறந்தபடி. "இன்னிக்கு கருவாட்டுக் கொழம்பு."

சவுரியம்மாள் குழாய்களைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனாள்.